ட்ரைசோனிகா மினி: ட்ரோனில் ஏற்றிய பிறகு காலிபரேட் செய்யுங்கள்

சின்ன ட்ரோனில் வைத்துக் காற்றை அளக்க எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ட்ரைசோனிகா மினி என்ற காற்று சென்சாரைத் தயங்காமல் சொல்வேன். எடை 50 கிராம்தான். சுழலும் கிண்ணம் எதுவும் கிடையாது. அல்ட்ராசோனிக் ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் ஒப்பிட்டு, மூன்று அச்சிலும் காற்றுவேகத்தைத் தருகிறது. இரண்டு பக்கமும் அளப்பதால் வெயில் ஏறி ஒலியின் வேகம் மாறினாலும் கணக்கு கெடாது. சீரியல் போர்ட்டில் எழுத்தாகவே எண்கள் வந்து விழும். படிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் செய்த காலிபரேஷன், அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்துவது, தனி சென்சாருக்கானது. கீழே ப்ரொப்பல்லர்கள் சுற்றி மேலிருந்து காற்றை இழுக்க ஆரம்பித்ததும் கதை வேறு. எங்கள் ஹெக்ஸாகாப்டரில் (ஆறு ப்ரொப்பல்லர் ட்ரோன்) கார்பன் குழாய் நட்டு, அதன் உச்சியில் வைத்திருக்கிறோம். காற்றே அசையாத விடியற்காலையில் ஒரே இடத்தில் நிறுத்திப் பறக்கவிட்டால், செங்குத்து அச்சில் வரும் எண் பெரும்பாலும் ப்ரொப்பல்லர் செய்யும் வேலை. குழாயை உயர்த்த உயர்த்த அது குறையும். மிச்சத்தைக் கணக்கில் கழித்துவிடலாம்.

அப்புறம் சாய்வு. காற்றை எதிர்த்து நிற்க ட்ரோன் சாய்ந்துதான் ஆக வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 5 டிகிரி சாய்ந்தாலே, இல்லாத செங்குத்துக் காற்று நொடிக்கு 0.87 மீட்டர் அளவுக்குத் தெரியும். அதனால் ட்ரோனைப் பறக்கவைக்கும் கணினியான ஃப்ளைட் கன்ட்ரோலரின் சாய்வுப் பதிவை அதே நேரமுத்திரையோடு சேர்த்துத் திருத்துவது கட்டாயம். காம்பஸும் அப்படித்தான்: திசை 10 டிகிரி பிசகினால் அதே காற்றில் நொடிக்கு 1.7 மீட்டர் பக்கவாட்டுக் காற்றாகத் தெரியும். மோட்டார் வயர்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை போய்வரும் பறப்பு. உடுமலைப் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று நாள் முழுக்கச் சீராக அடிக்கும். இதற்கென்றே செய்த மாதிரி. காற்றின் போக்கிலேயே நொடிக்கு 5 மீட்டர் தரைவேகத்தில் ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை பறக்க வேண்டும். ஜிபிஎஸ் வேகத்தைக் கழித்த பிறகு இரண்டிலும் ஒரே காற்று வர வேண்டும். நொடிக்கு 1 மீட்டர் வித்தியாசம் இருந்தால் சென்சாரின் அளவுக்காரணி (அளந்த வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள விகிதம்) சுமார் 10 சதவீதம் தவறு. விண்ட் டனல் (காற்றைச் செலுத்திச் சோதிக்கும் சுரங்கம்) வாடகை இல்லாமலே இது தெரிந்துவிடுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! பக்கத்தில் கம்பத்தில் ஒரு நல்ல கப் அனிமாமீட்டர் (கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி) இருந்தால், அதே உயரத்தில் நின்று ஒப்பிட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

ப்ரொப்பல்லர் அளவையோ குழாய் உயரத்தையோ மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். சராசரிக் காற்றுவேகம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை; ஆர்டுபைலட் என்ற ட்ரோன் மென்பொருள், ட்ரோனின் அசைவையும் சாய்வையும் வைத்தே ஓரளவு கணித்துவிடும். காற்றின் கொந்தளிப்பும் மேலெழும் காற்றும் அளக்க வேண்டுமென்றால் இதை வாங்குங்கள்.