மெட்டுக்கு மேலே தடை, கீழே மருந்து

எங்கள் கம்பம் பக்கம் யாரும் பூச்சிக்கொல்லி என்று சொல்வதில்லை, மருந்து என்றுதான் சொல்வோம். அப்படிக் கூப்பிட்டவற்றில் சில மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் பல வருஷம் அழியாமல் கிடக்கும். இவற்றையும் இதுபோல அழியாத மற்ற ரசாயனங்களையும் எங்கே பிடிப்பது, எப்படி நிறுத்துவது என்பதற்கு நாலு வழி இருக்கிறது. நாலும் ஒரே தரமில்லை.

முதல் வழியான மாநிலத் தடையை நாங்கள் பக்கத்திலிருந்தே பார்த்தோம். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் என்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள், அங்கே பிறந்த பிள்ளைகளின் நிலைமை ஊரறிந்தது. கேரளத்தில் நிறுத்தினார்கள். ஆனால் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தச் சொல்லும் வரை எல்லை மலைமேடான மெட்டுக்குக் கீழே, எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம், அதே சரக்கு மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைத்தது, அப்புறம் இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு அது ஏறாமல் இருக்குமா? கம்பம்மெட்டு, போடிமெட்டு செக்போஸ்டுகளில் எத்தனை ஜீப்பைத்தான் சோதிப்பார்கள். இதில் சட்டமும் ஒரு காரணம்: 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநிலம் தானாகத் தடை போட்டால் 60 நாள், மிஞ்சினால் இன்னும் 30 நாள். அதுக்கு மேல் டெல்லிதான்.

அடுத்தது கடைசியில் பிடிப்பது, அதாவது குப்பையில். என்னைக் கேட்டால் நாலில் இதுதான் மோசம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. குளோரின் உள்ள பிளாஸ்டிக் அரைகுறைச் சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற, எளிதில் அழியாத நச்சு உண்டாகும், அதனால்தான் மருத்துவக் கழிவு எரிக்கும் உலையில் இரண்டாம் அறை 1,050 டிகிரியில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. திறந்த வெளியில் அந்தச் சூட்டை யார் அளப்பது? 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் கொட்டிய கேரள மருத்துவக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரியில் திரும்ப அள்ளிப் போனார்கள். அது படம் பிடிக்க நன்றாக இருந்தது, சரி. பொருளில் கலந்துவிட்ட ரசாயனத்தை அப்படி அள்ள முடியாது.

மூன்றாவது, பெயர் பெயராகப் பட்டியலில் சேர்ப்பது. அழியாத ரசாயனங்களைத் தடுக்க 2004இல் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் வழி இதுதான், 12 ரசாயனங்களோடு தொடங்கியது. என்டோசல்பானுக்கு உலக அளவில் வழி அடைத்ததும் இதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வேகம் போதாது. என்டோசல்பான் 2011இல் பட்டியலுக்கு வந்தது, ஏலச்செடி வேர்ப்புழுவுக்கு நம்மவர்கள் ஊற்றும் குளோர்பைரிபாஸ் வந்தது 2025இல், அதுவும் விலக்குகளோடு. அதோடு, இந்தியா தனியாக ஒப்புதல் கொடுத்தால்தான் புதுப் பெயர் எதுவும் நம்மைக் கட்டும். அழியாத ரசாயனங்களுக்கான நம் 2018 விதிகள் தடுத்தது ஏழு வகை ரசாயனங்களை.

நாலாவது, ஒரே வகை ரசாயனங்களை மொத்தக் குடும்பமாகத் தடுப்பது. ஒட்டாத தவா, நனையாத மழைக்கோட்டு, தீயணைக்கும் நுரை என்று எல்லாவற்றிலும் இருக்கும் பிஃபாஸ் (PFAS) என்ற, எளிதில் அழியாத ஃப்ளூரின் ரசாயனக் குடும்பத்தில் 10,000க்கு மேல் ரசாயனங்கள். ஸ்டாக்ஹோம் பட்டியல் அதிலிருந்து 2009இல் ஒன்று, 2019இல் ஒன்று, 2022இல் ஒன்று, 2025இல் ஒரு தொகுதி என்று தொட்டது. ஒன்றைத் தடுத்தால் கம்பெனிக்காரன் மூலக்கூறில் ஒரு முனையை மாற்றிப் புதுப் பெயரில் விற்பான். அதனால்தான் 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஐந்தும் சேர்ந்து மொத்தக் குடும்பத்தையும் ஐரோப்பாவில் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்டன.

எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, இழுத்துக்கொண்டே போகும் என்றாலும். நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள், அதில் பாதி நியாயம் உண்டு. ஆஸ்துமா இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் வாயுவும் இந்தக் குடும்பத்துக் கணக்கில்தான் வருகிறது, அதற்கு மாற்று பரவும் வரை விலக்குக் கொடுக்கட்டும். தோசை ஊற்ற இரும்புக் கல் இருக்கிறது.