டையோடு மின்னோட்டம்: அம்மீட்டரா, 100 ஓம் ரெசிஸ்டரா?

அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறான். 1என்4148 டையோடுக்கு (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு பாகம்) வோல்ட்டுக்கு எதிராக மின்னோட்டம் வரைந்த கோட்டைக் காட்டி, "மாமா, இங்க ஏன் படிக்கட்டு மாதிரி உடையுது?" என்றான். 2 மில்லிஆம்பியருக்குப் பக்கத்தில் கோடு 170 மில்லிவோல்ட் இடப்பக்கம் தாவியிருந்தது.

எல்லாம் மின்னோட்டம் அளக்கும் அம்மீட்டர் செய்த வேலை. அவனுடைய மலிவு மல்டிமீட்டரில் 2000 மைக்ரோஆம்பியர் ரேஞ்சுக்குள் சுமார் 100 ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கிறது. 20 மில்லிஆம்பியருக்குத் திருகினால் அது 10 ஓம். டையோடையும் அம்மீட்டரையும் சேர்த்து வோல்ட் அளந்திருக்கிறான், ரேஞ்ச் மாறிய இடத்தில் அம்மீட்டரில் விழும் வோல்ட் குறைந்து கோடு குதித்துவிட்டது. எல்இடி எரிகிறதா என்று பார்க்க அம்மீட்டர் போதும். நேராக எண் தெரியும், கணக்கு வேண்டாம். ஃபியூஸ் போகும், அது வேறு கதை.

நான் ரெசிஸ்டர் கட்சி. சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கிய, 1 சதவீதப் பிழைக்குள் இருக்கும் 100 ஓம் ரெசிஸ்டரைத் (மின்தடையை) தொடரில் போட்டு, அதன் மேல் விழும் வோல்ட்டை அளக்கிறேன். காரணம் ஒன்றுதான்: பிழை எவ்வளவு என்று சொல்ல முடிகிறது. 1 மில்லிஆம்பியர் ஓடினால் 100.0 மில்லிவோல்ட். மீட்டரின் துல்லியம் 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 2-ம் (இங்கே 0.2 மில்லிவோல்ட்) என்றால் பிழை 0.7 மில்லிவோல்ட், அதாவது 0.7 சதவீதம். ரெசிஸ்டரின் 1 சதவீதத்தோடு வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.2 சதவீதம். இதில் ஒரு நல்ல விஷயம், ரெசிஸ்டரின் பிழை எல்லாப் புள்ளியிலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். லாக் தாளில் (ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரே இடைவெளி விடும் வரைபடத் தாள்) கோடு மொத்தமாக நகருமே தவிர, சாய்வு மாறாது.

ஆனால் 10 மைக்ரோஆம்பியரில் அதே 100 ஓம் 1.0 மில்லிவோல்ட்தான் தரும். அங்கே அந்த 2 இலக்கமே 20 சதவீதம்! அப்போது 10 கிலோஓம் போட வேண்டும்.

டையோடைத் தலைகீழாக இணைக்கும்போது கசியும் மிகச் சிறு மின்னோட்டத்தை அளக்க, மீட்டரின் 10 மெகாஓம் உள்மின்தடையையே ரெசிஸ்டராக வைக்கலாம் என்பார்கள். ஒரே தடவை செய்து பார்த்தேன், எண் ஆடிக்கொண்டே இருந்தது. அதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அறையின் ஏசி. ஒரே மின்னோட்டத்துக்கு, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் டையோடின் வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். பையன் பாதியில் ஏசியை அணைத்திருக்கிறான். மறுபடி எடுக்கச் சொன்னேன், டையோடை விரலால் பிடிக்காமல்.