நாவலூர் பக்கம் அடுக்குமாடி: வீடு சரி, பள்ளிக்கூடம்?

குடிவந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. காற்றோட்டம் அருமை, லிஃப்ட் ஒருநாள்கூட மக்கர் பண்ணலை. கட்டுமானத்துக்கு அஞ்சுக்கு நாலு.

சின்னவளை ஒண்ணாம் வகுப்புல சேர்க்கப் போனப்பதான் இடிஞ்சு உட்கார்ந்தேன். விளம்பரத்தாள்ல 'நடந்துபோகும் தூரம்'னு போட்டிருந்த பள்ளியில இடமே இல்லை. இப்ப காலை ஆறே முக்காலுக்கு வேன். ராஜீவ் காந்தி சாலை நெரிசல்ல பிள்ளை தூங்கி வழியுறதைப் பார்த்தா வயிறு எரியுது.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைன்னா 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒப்படைக்கணும். அதனால பூங்கா வந்துச்சு, சந்தோஷம். வகுப்பறைக் கணக்கையும் அனுமதி தரும்போதே போட்டிருக்கணும். எங்க 420 வீட்டுல ரெண்டு வீட்டுக்கு ஒரு தொடக்கப்பள்ளிக் குழந்தைன்னாலே 210 பேர். 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்ற 30 பேருக்கு ஓர் ஆசிரியர்னு பார்த்தா, ஏழு வகுப்பறை வேணும். எதிர்ல இன்னும் ரெண்டு கட்டடம் எழும்புது!

முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி பள்ளிக்கு நேர்ல போங்க. தூரத்தைக் கேட்காதீங்க, உங்க பிள்ளை வகுப்புல எத்தனை இடம் காலின்னு கேளுங்க.