கோட்டாறு நாட்டு மருந்துக்கடை: தூக்கத்துக்கு மருந்து தேடுறவங்க வாசிச்சுட்டு போங்க

நாகர்கோவில்ல நாட்டு மருந்து வாங்கணும்னு யார் கேட்டாலும் நான் சொல்லுறது கோட்டாறு மார்க்கெட் பக்கத்து சந்துல இருக்க பழைய கடைய தான், காரணம் ஒண்ணே ஒண்ணு, அங்க உள்ள அண்ணாச்சி இல்லாத சரக்க இருக்குன்னு சொல்லி தலையில கட்ட மாட்டாரு.

ஜெர்மனியில நர்ஸா இருக்க எங்க அக்கா, அம்மைக்கு தூக்கம் சரியில்லன்னு கேட்டு ஹாப்ஸ் பூவும் வலேரியன்ங்குற மூலிகையோட வேரும் சேர்ந்த டீயும் ஹாப்ஸ் பூ அடைச்ச சின்ன தலகாணியும் குடுத்து விட்டிருந்தா. ஹாப்ஸ்னா பீர்ல கசப்புக்கு போடுற அதே பூ தான், பவேரியாவுல ஹாலர்டௌ பக்கம் தான் உலகத்துலயே அதிகம் பயிர் பண்ணுறாங்க, கொடி நம்ம நல்லமிளகு கொடி மாதிரி உசரமா ஏறும். அங்க உள்ள பாட்டிமார் இத தூக்கத்துக்கு வச்சிருக்காங்க, இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜுக்கும் ஹாப்ஸ் தலகாணி வச்சதா சொல்லுவாங்க, ஜெர்மனி அரசாங்கம் போட்ட கமிஷன் ஈங்குற மூலிகை குழுவும் பதட்டத்துக்கும் தூக்கக்குறைவுக்கும் இத ஒத்துக்கிட்டிருக்கு. அம்மைக்கு தலகாணி ரொம்ப பிடிச்சுது, டீ கசக்குதுன்னு பாதியில வச்சுட்டாங்க.

தலகாணியில மணம் குறைஞ்சதும் கொஞ்சம் பூவ எடுத்துட்டு போய் அண்ணாச்சிகிட்ட காட்டுனேன். கசக்கி மோந்து பார்த்தாரு, "இது நம்ம சரக்கு இல்ல மக்கா, இதுக்கு பதிலா இதுன்னு நான் ஒண்ண தந்தா தப்பு"ன்னாரு. வேற கடையில இதே பூவ காட்டுனப்போ என்னன்னே பார்க்காம ஏதோ தூக்கப்பொடின்னு ஒரு டப்பாவ நீட்டுனாங்க, உள்ள என்ன சேர்ந்திருக்குன்னு எழுதல்ல. வித்தியாசம் அங்க தான் இருக்கு.

அப்புறமா அவரு தகரம் வேர எடுத்து காட்டுனாரு, அது நம்ம நாட்டு வலேரியன், மணம் அப்படியே பழைய ஹாப்ஸ் மாதிரி. பின்னால படிச்சு பார்த்தா ரெண்டுலயும் ஐசோவலேரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, அழுக்கு காலுறை வாடைக்கும் அதே தான் காரணம், அதனால வாடை அடிக்குதேன்னு கெட்டுப்போன சரக்குன்னு நினைச்சுடாதீங்க.

தூக்கத்துக்கு வாங்குற சரக்கு எப்படின்னா, ஜாதிக்காய் அருமை, பேச்சிப்பாறை குலசேகரம் பக்கத்துல இருந்து வாரது, தோட்டோட குடுப்பாரு, உடைச்சா உள்ள எண்ணெய் தெரியும், புழு அரிச்சது ஒண்ணு கூட நான் பார்க்கல்ல. அமுக்கரா கிழங்கு, அதான் அஸ்வகந்தா, முழுசா தருவாரு, வீட்டுல பொடிச்சா அந்த குதிரை வாடை நல்லா வரும். சடாமாஞ்சில் தான் விலை கூடுதல், அதுல பேரம் பேசாதீங்க, இமயமலையில 3000 மீட்டருக்கு மேல காட்டுல பிடுங்குற வேரு அது, அழிவின் விளிம்புல உள்ள செடின்னு பட்டியல்ல இருக்கு, மலிவா கிடைக்குதுன்னா பெரும்பாலும் கலப்படம். வெந்நீர்ல ஊற வச்சு குளிக்கிறதுக்கு மட்டும்னா அது வேண்டாம், ராமிச்சம், அதான் வெட்டிவேர், போதும்னு அவரே சொன்னாரு, விலை கூடினத விக்க நினைக்கிறவரு அப்படி சொல்ல மாட்டாரு.

யாருக்குன்னு கேக்காம எதையும் மடிச்சு தர மாட்டாரு. வயசு என்ன, சுகர் பிரஷர் மாத்திரை உண்டா, தூக்க மாத்திரை போடுதாங்களா, வயித்துல பிள்ளை இருக்கான்னு எல்லாம் கேப்பாரு, சிலருக்கு இது எரிச்சலா இருக்கும், எனக்கு இது தான் இந்த கடையோட பெரிய ப்ளஸ். ஜாதிக்காய் பாலுல ஒரு சிட்டிகைக்கு மேல போடக்கூடாது, ஒரு முழு காய உரசி குடிச்சா தலைசுத்தல் நெஞ்சு படபடப்பு மதிமயக்கம் வரைக்கும் போகும். அமுக்கரா தைராய்டு மாத்திரை எடுக்கிறவங்களுக்கு ஒத்துக்காம போகலாம், ஈரல் கோளாறு உள்ளவங்க தொடவே வேண்டாம். ஹாப்ஸ் வலேரியன் டீயும் தூக்க மாத்திரை கூடவோ சாராயம் கூடவோ சேர்க்கக்கூடாது. அம்மைக்கு பிரஷர் மாத்திரை உண்டுன்னதும் அவரு எதுவும் தரல்ல, பக்கத்துல தான ஆயுர்வேத காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, காட்டி எழுதி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பி விட்டாரு.

குறைன்னா பேப்பர்ல மடிச்சு தாராங்க, மேல பேரும் இல்ல தேதியும் இல்ல, வீட்டுல நாலு பொட்டலம் கிடந்தா எது எதுன்னு தெரியாம போயிடும், வயசானவங்க உள்ள வீட்டுல இது ஆபத்து, பேனாவால எழுதி தந்தா என்ன. பைக் நிறுத்தவும் இடம் கிடையாது, சாயங்காலம் போனா நிக்க கூட முடியாது, காலையிலயே போயிடுங்க. இடிச்சு தரணும்னா முந்தின நாளே சொல்லி வைக்கணும், ஆனா இடிக்காம முழுசா வாங்குறது தான் நல்லது, கலப்படம் கண்ணுக்கு தெரியும். ஹாப்ஸ் மட்டும் கேட்டு போகாதீங்க, அங்க கிடைக்காது.