ஓடாத படகுக்கு ஒரு காம்பஸ்: ஃபுருனோ எஸ்சிஎக்ஸ்-21, ஒரு வருட அனுபவம்

"ஜிபிஎஸ் இருக்கும்போது காம்பஸுக்கு எதுக்கு இத்தனை காசு?" தோப்பும்படி ஹார்பரில் இதை என்னிடம் கேட்காத படகுக்காரர் இல்லை. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வள்ளவிளை. படகு 72 அடி, இரும்புப் படகு. ஆயிரங்கால் தூண்டில் தொழில், நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி விடுவது. கேரை, தளப்பத்து என்று பெரிய மீன்களைத் தேடிக் கொச்சியிலிருந்து கிளம்பினால் முப்பது நாற்பது நாள் தங்கல். இந்த சேட்டிலைட் காம்பஸை 2024 தடைக்காலத்தில் வாங்கி மாட்டினேன். ஆகஸ்டில் கடலுக்குப் போனதிலிருந்து ஒரு முழு வருடம் மழையிலும் வெயிலிலும் ஓட்டிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

வாங்க வைத்தது ஒரு ராத்திரி. லட்சத்தீவின் மினிக்காய்க்கு வடக்கே, ஒன்பது டிகிரி கால்வாய் என்கிற கடல்வழிப் பக்கம் தூண்டில் விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்திக் கிடந்தோம். அது கப்பல் போகிற பாதை என்பது தெரியும். மீன் அங்கே இருந்தால் நாமும் அங்கேதான் இருக்க வேண்டும். இரண்டு மணி இருக்கும். பிளாட்டரில், அதாவது கடல் வரைபடம் காட்டுகிற திரையில், வரைபடத்தின் மேலேயே ரேடார் படமும் விழுகிற மாதிரி வைத்திருந்தேன். தென்கிழக்கில் ஒரு பெரிய புள்ளி தெரிந்தது. வெளியே வந்து தென்கிழக்கைப் பார்த்தால் இருட்டு. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன், புள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது அணியத்தில், படகின் முன்முனையில், உட்கார்ந்திருந்த பையன், "அண்ணே, வெளிச்சம் இந்தப் பக்கம்" என்று மேற்கே கை காட்டினான். கப்பல் அரை மைல் தள்ளிப் போனது. அதன் அலையில் படகு ஆடி முடிக்கிற வரைக்கும் எனக்குக் கால் நிற்கவில்லை.

ரேடார் பொய் சொல்லவில்லை. கப்பல் இடது அணியத்தில் என்று அது சரியாகத்தான் சொன்னது. அணியம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பிளாட்டருக்குத்தான் தெரியவில்லை. அதற்கு ஜிபிஎஸ் மட்டும்தான் கொடுத்திருந்தேன். ஜிபிஎஸ் சொல்வது படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. ஓடுகிற படகு அணியம் பார்த்த திசையில் போகும், அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நிற்கிற படகில் அப்படியில்லை. அன்றைக்கு எங்கள் அணியம் வடமேற்கே. நீரோட்டம் எங்களைத் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. பிளாட்டர் அணியம் தெற்கே என்று நினைத்துப் படத்தை அப்படியே திருப்பி, மேற்கே இருந்த கப்பலைத் தென்கிழக்கில் போட்டுவிட்டது. ரேடாரைத் தனியாகப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே பிடித்திருப்பேன். தூக்கக் கலக்கம்.

இந்த வேலைக்குக் காந்த காம்பஸ் போதாதா என்று கேட்பீர்கள். மரப்படகோ ஃபைபர் படகோ வைத்திருந்தால் போதும் என்றே சொல்வேன். காந்த ஊசிக்கு நம்முடைய கடல் ரொம்ப வசதியான கடல். உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இங்கே இரண்டு டிகிரி அளவுதான் வித்தியாசம். காந்த நடுக்கோடும் இந்தியாவின் தென்முனைப் பக்கமாகத்தான் போகிறது. அதனால் ஊசி கீழ்நோக்கிச் சாயாமல் மட்டமாகக் கிடக்கும், படகு ஆடினாலும் அதிகம் தடுமாறாது. வடக்கே குளிர்தேசக் கடலில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் என்னுடையது இரும்பு. 2023 தடைக்காலத்தில் யார்டில் ஏற்றி அடித்தகடு மாற்றினோம். வெல்டிங் முடிந்து இறக்கியதும் காம்பஸ் வேறு காம்பஸ் ஆகிவிட்டது. மேற்கே ஓடும்போது சரியாக இருக்கும், வடக்கே திருப்பினால் பதினான்கு டிகிரி தப்பு. இரும்பைச் சூடாக்கித் தட்டினால் அதன் காந்தமும் மாறிவிடும், யார்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது போதாதென்று வீல் ஹவுஸில் பாட்டுக் கேட்கப் பையன்கள் ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து காம்பஸ் பக்கத்திலேயே வைத்தார்கள். ஆட்டோ பைலட் மணிக்கணக்கில் எங்களைக் கோணலாக இழுத்துக்கொண்டு போனதற்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆனது.

சேட்டிலைட் காம்பஸுக்கு இரும்பும் ஸ்பீக்கரும் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே ஊசியே கிடையாது. நான் வாங்கியது சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு வெள்ளை டப்பா, குறுக்களவு பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதற்குள் நான்கு ஆண்டெனா. சேட்டிலைட்டிலிருந்து வருகிற அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். ஒரே அலை ஓர் ஆண்டெனாவைத் தொட்டு, மிகக் கொஞ்சம் தாமதித்து அடுத்ததைத் தொடும். அந்தச் சின்ன வித்தியாசத்தை அளந்து, டப்பா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. நகர வேண்டிய அவசியமே இல்லை. கரையில் கட்டிப் போட்டிருந்தாலும் அணியத்தின் திசையைச் சொல்லும், அதுவும் உண்மை வடக்கை வைத்து. பெரிய கப்பல்களில் இருக்கிற, சுழலும் சக்கரத்தால் வடக்கைக் கண்டுபிடிக்கிற கைரோ காம்பஸுக்குச் சுவிட்ச் போட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்னுடையது பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடுகிறது.

கம்பெனி சொல்லும் துல்லியம் ஒரு டிகிரி. பத்து கடல் மைலில் ஒரு டிகிரி தப்பினால் முந்நூற்றிருபது மீட்டர் விலகும். எங்கள் தொழிலுக்கு இது தாராளம். அதே கம்பெனியில் எஸ்சி-70 என்று இன்னும் பெரியது இருக்கிறது, ஆண்டெனாக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், 0.4 டிகிரி. தூண்டில் படகுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

எஸ்சிஎக்ஸ்-20 என்று ஓர் அண்ணன்காரனும் உண்டு. அது புதிய வகை ஒற்றைக் கேபிள் இணைப்புக்கு. என்னுடைய ரேடாரும் ஆட்டோ பைலட்டும் பழைய தலைமுறை, என்எம்இஏ 0183 என்கிற பழைய முறை வயரில் ஒன்றோடொன்று பேசுகிறவை. அதனால் 21. கடைக்காரர் 20-ஐத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். உங்கள் ரேடாரின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

விலை, கேபிள், பொருத்துகிற கூலி எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டியது. கடையின் பெயர் வேண்டாம். ஆர்டர் கொடுத்தபோது பத்து நாள் என்றார்கள், வந்தது ஏழாவது வாரம். பொருத்த வந்த பையன் நல்ல பையன், ஆனால் டப்பா 38400 வேகத்தில் பேசுகிறது, என் பிளாட்டர் 4800-ஐத்தான் கேட்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டது. லேப்டாப்பில் மாற்றியதும் சரியானது.

பொருத்துகிற இடத்தில் தப்புச் செய்தது நான்தான். வயர் நீளம் மிச்சமாகட்டும் என்று வீல் ஹவுஸ் கூரையிலேயே, மாஸ்ட்டுக்கு ஓரமாக வைக்கச் சொன்னேன். இரண்டாம் நாளே தெரிந்தது. சில திசைகளில் திருப்பினால் எண் காணாமல் போய் அலாரம் அடித்தது. மாஸ்ட் ஒரு பக்க வானத்தை மறைக்கிறது, இரும்புக் கூரையில் அலை பட்டுத் திரும்பி வந்து கணக்கைக் குழப்புகிறது. அப்புறம் ஒன்றரை மீட்டர் குழாய் வைத்து, ரேடார் கதிர் நேராகப் படாத உயரத்தில், நாலாபுறமும் வானம் தெரிகிற மாதிரி நிறுத்தினோம். அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

டப்பாவின் அம்புக்குறி அணியத்தைப் பார்த்து நேராக இருக்க வேண்டும். ஆடுகிற படகில் ஏணி மேல் நின்று அதைக் கண்ணளவில் நேராக்க முடியாது. படகை வார்ஃபோடு (படகு கட்டுகிற துறைமேடை) ஒட்டிக் கட்டி, வரைபடத்தில் வார்ஃபின் திசையை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டேன். மூன்று டிகிரி வித்தியாசம். அதை செட்டிங்கில் கழித்துவிட்டேன். இதைச் செய்யாமல் கடலுக்குப் போனால் ஒரு டிகிரி துல்லியத்துக்குக் கொடுத்த காசு வீண்.

இனி, கடலில் என்ன மாறியது? நிற்கும்போது ரேடார் படம் வரைபடத்தின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கேயே தெரிகிறது. இது ஒன்றுக்கே வாங்கலாம். அடுத்தது நான் எதிர்பார்க்காதது. அணியம் பார்க்கிற திசையும் படகு நகர்கிற திசையும் இப்போது தனித்தனிக் கோடுகளாகத் திரையில் தெரிகின்றன. இரண்டுக்கும் நடுவே விழுகிற கோணம்தான் நீரோட்டமும் காற்றும் செய்கிற வேலை. தூண்டில் விடும்போது அந்தக் கோணத்தைப் பார்த்தே கயிறு எந்தப் பக்கம் வளையும் என்று முன்னமே சொல்லிவிடலாம். தூண்டில் கயிறு படகின் அடியில் போய்ச் சிக்கியது இந்த வருடம் ஒரே ஒரு தடவை.

ஆட்டோ பைலட் முன்னைவிட நேராக ஓட்டுகிறது, பின்னலையில் குறிப்பாக. டீசல் மிச்சமாகிறதா என்றால் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு தங்கலுக்கும் ஓட்டம் வேறு, ஐஸ் எடை வேறு. மிச்சம் என்று அடித்துச் சொல்கிற கடைக்காரர்களை நம்பாதீர்கள்.

ஒரு குறை எல்லாக் கம்பெனிச் சாதனத்துக்கும் பொது. பங்குனி, புரட்டாசி மாதங்களில் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரத்துக்கு நம் பக்கத்தில் வானத்தின் மிக உயரத்தில் இருக்கிற மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு கொதிக்கிற தண்ணீர் மாதிரி கலங்கும். சூரியனின் சுறுசுறுப்பு உச்சத்தில் இருக்கிற வருடங்களில் இன்னும் மோசம், 2024 அப்படிப்பட்ட வருடம். சேட்டிலைட் அலை அதன் வழியாக வரும்போது மினுங்கும். சாதாரண ஜிபிஎஸ் சமாளித்துவிடும். அலையின் நுனியையே அளக்கிற காம்பஸுக்கு அது சிரமம். எனக்கு செப்டம்பரில் மூன்று நான்கு சாயங்காலம் சில நிமிடங்கள் எண் போய்ப் போய் வந்தது. டப்பாவுக்குள் இருக்கிற, திரும்புவதை உணர்கிற சின்ன கைரோ சென்சார் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது, அதிக நேரத்துக்கு அல்ல. யாராவது வேண்டுமென்றே ஜிபிஎஸ்ஸைக் கெடுத்தாலும் இதே கதிதான். 2025 ஜூனில் ஹோர்முஸ் பக்கம் கப்பல்கள் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எனவே பழைய காம்பஸைக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு வருடமும் யார்டை விட்டு இறங்கியதும் புதியதை வைத்துப் பழையதன் தப்பை எட்டுத் திசைக்கும் அளந்து, ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டிவைக்கிறேன்.

அப்பா ஒருநாள் படகைப் பார்க்க வந்தார். கட்டுமரக் காலத்திலிருந்து கணியம் என்கிற கரை அடையாளங்களைப் பார்த்தும், ராத்திரி வானத்து வெள்ளிகளைப் பார்த்தும் கரை சேர்ந்தவர். திரையில் 312 என்று காட்டியது. "கட்டிக் கிடக்கும்போதும் காட்டுதா மக்களே?" என்றார். காட்டும் அப்பா என்றேன். வெளியே போய் அணியத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வந்து, "வடமேற்குக்குக் கொஞ்சம் மேற்கே. சரியாத்தான் சொல்லுது" என்று அதற்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, சாயா எங்கே என்று கேட்டார்.

இரும்புப் படகு, ரேடார், ராத்திரி நின்று செய்கிற தொழில், இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஃபைபர் வள்ளத்துக்கு இது வேண்டவே வேண்டாம், அந்தக் காசில் நல்ல விஎச்எஃப் ரேடியோவும் உயிர்காப்புச் சட்டைகளும் வாங்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். நடுக்கடலில் களைத்து வருகிற பறவைகளுக்குக் குழாய் மேலிருக்கிற அந்த வெள்ளை டப்பாதான் சிம்மாசனம். எச்சம் காய்ந்து கெட்டியாகிவிடுகிறது. சமையல்காரர் ஒரு யோசனை சொன்னார். டப்பாவின் மேல் கை வைக்காமல், கீழே குழாயைச் சுற்றி வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை பத்துப் பன்னிரண்டைக் கட்டி, வாலை வெட்டாமல் மேல்நோக்கி நீட்டிவிட்டோம். முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது. பறவைகள் இப்போது ரேடாரில் உட்காருகின்றன.