பூஸ்ட் கேஜுக்கு எது காவல்: நுண்குழாயா, டிராப்பா, பர்ஜ் வால்வா?

இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரில் இருந்த மெர்லின் இன்ஜினில் கார்புரேட்டர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும். அதனால் சூப்பர்சார்ஜர் அழுத்தித் தள்ளுவது பெட்ரோல் கலந்த காற்றை. அந்த அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் கேஜுக்கு இதனால் இரண்டு தொல்லைகள். பேக்ஃபயர் ஆனால், அதாவது சிலிண்டரின் தீ பின்னோக்கிப் பாய்ந்தால், சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டு குழாயில் நிறைந்திருக்கும் கலவை பற்றிக்கொண்டு, அந்த அடி கேஜுக்குப் போகும் சிறு குழாய் வழியே அதன் மெல்லிய உலோகச் சவ்வில் போய் விழும். அப்புறம், பெட்ரோல் ஆவியும் ஈரமும் குளிர்ந்த குழாய்க்குள் துளியாகித் தேங்கி முள்ளை மந்தமாக்கும். ஜெர்மானிய டிபி 601 இன்ஜின் எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சியது. பெட்ரோல் தேங்கும் கவலை அதற்கு இல்லை.

முதல் தொல்லைக்கு மருந்து, கேஜின் பின்புறம் வைக்கும் ஒரு சிறு துண்டு நுண்குழாய். பேக்ஃபயரின் அடி கண நேரம்தான் நீடிக்கும். அதற்குள் அந்த ஊசித் துளை வழியே சவ்வைச் சிதைக்கும் அளவு வாயு நுழைய முடியாது. மெதுவான அழுத்த மாற்றமோ முழுதாகப் போய்ச் சேரும். நகரும் பாகமே இல்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். ஆனால் அழுக்கோ துளியோ அடைத்தால், த்ராட்டிலைத் தள்ளியும் முள் பழைய இடத்திலேயே நிற்கும். 1940இல் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்து, மெர்லினின் பூஸ்ட் வரம்பு (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல், சதுர அங்குலத்துக்கு) +6¼ பவுண்டிலிருந்து +12க்கு ஏறிய நாட்களில், வரம்பு மீறியதை முள் காட்டாமல் போவது சின்ன விஷயம் அல்ல.

ஆனாலும் முதல் தொல்லைக்கு நுண்குழாய் கட்டாயம். இரண்டாவது தொல்லையான துளிக்குத் தேர்வு செய்ய வேண்டியது டிராப்பா, பர்ஜ் வால்வா என்பதைத்தான்.

டிராப் என்பது வழியில் வரும் பெட்ரோலைப் பிடித்து வைக்கும் சிறு கலம். விமானி எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அது நிரம்பிவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது. தரையில் மெக்கானிக் மறக்காமல் பார்க்க வேண்டும்.

அமெரிக்க விமானங்கள் சிலவற்றில் இருந்த பர்ஜ் வால்வு வேறு மாதிரி. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அப்போது வால்வைத் திறந்தால் காற்று குழாய்க்குள் இழுக்கப்பட்டு, தேங்கிய ஈரத்தை இன்ஜினுக்கே அடித்துச் செல்லும். தரையில் மேனிஃபோல்டு அழுத்தம் சுமார் 30 அங்குலப் பாதரசத்துக்கு (ஏறக்குறைய வெளிக்காற்றழுத்தம்) மேல் இருக்கும்போது திறந்தால் எல்லாம் தலைகீழ்: பெட்ரோல் ஆவி காக்பிட்டுக்குள் வரும்.

அந்த ஆபத்து இருந்தும் நான் பர்ஜ் வால்வின் பக்கம். புறப்படும் முன்பே, விமானி தன் கையாலேயே குழாயைச் சுத்தம் செய்துவிடலாம். எதை வைத்தாலும் குழாய் இன்ஜினிலிருந்து கேஜை நோக்கி மேலேறிச் செல்ல வேண்டும். துளி தானாக வடியும். இன்ஜினைக் கிளப்பும் முன் முள் அன்றைய வெளிக்காற்றழுத்தத்தைக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.