சேலத்து வீட்டில் ஆம்ப்ளிஃபயர், ஏற்காட்டு வீட்டில் ரிசீவர்: ஆறு வருடம் புழங்கிய பிறகு

இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா, ஸ்டீரியோ ரிசீவர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு ஆன்டெனா கட்ட முடியுமா? வாட்ஸ், பிராண்டு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆறு வருடமாக ரிசீவரும், நான்கு வருடமாக ஆம்ப்ளிஃபயரும் வைத்துக் கேட்கிறேன். ஒன்று சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கிறது, இன்னொன்று ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமனார் வீட்டில் இருக்கிறது. இடம் மாறியதும் அதே பெட்டி எப்படி வேறு பெட்டியாகிவிட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வரும் சிக்னலைத் தேர்ந்தெடுத்து அளவு வைக்கும் ப்ரீ-ஆம்ப், அதை ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பெருக்கும் பவர் ஆம்ப், இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் அது இன்டகிரேட்டட். அதே பெட்டியில் ரேடியோ ஸ்டேஷனைப் பிடிக்கும் ட்யூனரையும் சேர்த்தால் ரிசீவர். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரே விலைக்குள் ட்யூனரையும் நுழைக்க வேண்டும் என்றால் கம்பெனிக்காரன் வேறு எதையாவது எடுத்துத்தான் ஆக வேண்டும், எதை எடுத்தான் என்று பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

2019இல் நான் முதலில் வாங்கியது ரிசீவர். காரணம் அப்பா. வாழ்நாள் முழுக்க வானொலியோடு விடிந்தவர். ரேடியோவும் வரும், புளூடூத்தும் வரும், சேனலுக்கு 100 வாட், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். பெட்டியோடு ஆங்கில டி எழுத்து மாதிரி ஒரு ஒயர் ஆன்டெனா கொடுத்திருந்தார்கள், அதை ஷோகேஸுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினேன். உள்ளூர் தனியார் எஃப்எம் நன்றாக வந்தது. தர்மபுரி வானொலி 102.5 இரைச்சலோடு வந்தது. மீடியம் வேவில் (பழைய ஏஎம் ரேடியோவின் அலைவரிசை) அப்பாவுக்கு வேண்டியது திருச்சி, 936 கிலோஹெர்ட்ஸ், அது வரவே இல்லை, வந்ததெல்லாம் ஒரு முரட்டு உறுமல். எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று இந்தக் காலத்து வீட்டில் சுவிட்சிங் சர்க்யூட் இல்லாத மூலையே கிடையாது, அத்தனையும் மீடியம் வேவ் அலைவரிசைக்குள்தான் இரைச்சலைக் கொட்டும். மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்கக் கேட்டதற்கு அசோசியேஷனில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு அப்பா தன் பழைய பாக்கெட் ரேடியோவை எடுத்துக்கொண்டு பால்கனிக்கே போய்விட்டார். எனக்கு அது உண்மையாகவே மனவருத்தம், அவருக்காகத்தானே வாங்கினேன்.

அப்புறம் இன்னொரு பிரச்சினை முளைத்தது. அப்பாவிடம் நாற்பது ஐம்பது எல்பி ரெக்கார்டுகள் இருந்தன. ஏற்காடு ரோட்டில் போகும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி, டி.ஆர்.சுந்தரம் 1935இல் ஆரம்பித்த கம்பெனி, நம் ஊரில் எடுத்த படங்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். அங்கே எடுத்த படப் பாடல்களும் அந்த ரெக்கார்டுகளில் உண்டு. ஒரு டர்ன்டேபிள் (ரெக்கார்டு சுழற்றும் பிளேயர்) வாங்கி ரிசீவரில் மாட்டலாம் என்று பின்பக்கம் திருப்பினால் அதைச் செருகும் ஃபோனோ இன்புட்டே இல்லை. ட்யூனருக்கு இடம் கொடுக்க எடுத்தது இதைத்தான். ஊசியிலிருந்து வரும் சிக்னல் எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜில், அதாவது ஊசி பொருத்திய சின்னத் தலையில், ஏறக்குறைய 5 மில்லிவோல்ட் இருக்கும், சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் அளவில். அதனால் டர்ன்டேபிளைச் சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் பாட்டு கிணற்றுக்குள் இருந்து கேட்கும். பெருக்க மட்டும் செய்தாலும் போதாது. ரெக்கார்டில் வெட்டும்போதே கனத்த ஒலியான பாஸைக் குறைத்து, கூர்மையான உச்ச ஒலியான ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள், அதை ஃபோனோ ஸ்டேஜ் என்ற சர்க்யூட் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். தனியாக ஒரு ஃபோனோ பெட்டி வாங்கினேன், அதன் அடாப்டரிலிருந்து ம்ம்ம் என்று ஒரு ஹம் ஏறியது, வேறு அடாப்டர் மாற்றியும் முழுசாகப் போகவில்லை.

2021இல் யமஹா ஏ-எஸ்301 வாங்கினேன். இது இன்டகிரேட்டட், சேனலுக்கு 60 வாட். எம்எம் ஃபோனோ உள்ளேயே இருக்கிறது, டிவிக்கு ஆப்டிகல் இன்புட், சப்வூஃபருக்கு அவுட்டும் உண்டு. ரேடியோ கிடையாது. ரெக்கார்டு ஓடும்போது ஹம் அடியோடு போய்விட்டது.

எல்லாரும் கேட்பது, நூறிலிருந்து அறுபதுக்கு இறங்கினால் சத்தம் குறையாதா என்று. ஒரே ஸ்பீக்கர், ஒரே அறை, பன்னிரண்டுக்குப் பதினாலு அடி. ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல், அறுபதுக்கும் நூறுக்கும் நடுவே வெறும் 2.2 டெசிபல்தான், அதுவும் வால்யூமை முழுக்கத் திருகினால். சாதாரணமாகக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் இருக்காது. அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 86க்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினாலே ஆம்ப்ளிஃபயர் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வாட்ஸ் பார்க்கும்போது எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை), எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவு) என்றும் படியுங்கள். 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

இந்த ஆம்பில் நான் தினமும் தொடுவது லௌட்னெஸ் குமிழ். மற்ற செட்டுகளில் லௌட்னெஸ் வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சாக இருக்கும், அமுக்கினால் பாஸ் திம்மென்று ஏறும். இதில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகலாம். பாஸைத் தூக்குவதற்குப் பதில் நடுப்பகுதி ஒலியைக் குறைத்து மொத்தச் சத்தத்தையும் இறக்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல், குழந்தை தூங்கும்போது, மெதுவாக வைத்தாலும் தவிலும் மிருதங்கமும் சப்பென்று ஆகாமல் இருப்பது இதனால்தான். நான்கு வருடத்தில் எந்தக் கோளாறும் இல்லை. சேலத்து வெயிலுக்காக ஆம்புக்கு மேலே ஒரு சாண் காலி இடம் விட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை தூசி தட்டுவேன், அவ்வளவுதான் பராமரிப்பு.

சரி, ரிசீவரை என்ன செய்வது? விற்கப் பார்த்தேன், கேட்ட விலை மனசுக்கு ஒப்பவில்லை. மாமனார்தான் சொன்னார், "மாப்பிள்ளை, இங்க கொண்டு வந்து வைங்க, ராத்திரில பேச்சுக்குரல் இல்லாம வீடே உறைஞ்சு கிடக்குதுங்க." காரில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டுபோனோம்.

முதல் நாள் அங்கேயும் ஏமாற்றம்தான். தகரக் கூரை வீடு, உள்ளே மாட்டிய ஒயருக்கு எதுவுமே எட்டவில்லை, உலோகக் கூரைக்குக் கீழே எஃப்எம் எப்படி நுழையும்? மறுநாள் ஒரு டைபோல் ஆன்டெனா செய்தோம். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 மீட்டர், அதில் பாதியை விடக் கொஞ்சம் குறைவாக, கைக்கு சுமார் 72 சென்டிமீட்டர் வீதம் இரண்டு அலுமினியக் குழாய், நடுவில் பிளாஸ்டிக் பெட்டி, அங்கிருந்து 75 ஓம் கேபிள், டிஷ் டிவிக்கு இழுப்பார்களே அதே கேபிள்தான். இந்த மாதிரி ஆன்டெனா தன் இரு பக்கவாட்டில்தான் நன்றாக வாங்கும், முனைகளின் திசையில் செவிடு. எங்களுக்கு வேண்டியது வடக்கே தர்மபுரி, தெற்கே சேலமும் கொடைக்கானலும். அதனால் குழாய்களைக் கிழக்கு மேற்காகப் படுக்க வைத்தேன். கூரை முகட்டுக்கு மேல் எட்டடி கம்பத்தில் ஏற்றினோம்.

அன்று சாயங்காலம் ரிசீவரைப் போட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. தர்மபுரி 102.5 பக்கத்து அறையில் பேசுவது போல வந்தது. கொடைக்கானலின் கோடைப் பண்பலை 100.5, அவ்வளவு தூரத்திலிருந்து, லேசான இரைச்சலோடு பாட்டு முழுசாக வந்தது. சில இரவுகளில் பெங்களூரின் 101.3 கன்னடத்தில் கேட்கும். காரணம் உயரம். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, வழியில் மலை நின்றால் நின்றதுதான். சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில், சுற்றி மலை சூழ்ந்த கிண்ணம் போல இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். கொடைக்கானல் அதைவிட உயரம். இரண்டு மலை உச்சியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு டிப்ஸ்: தூரத்து ஸ்டேஷன் இரைந்தால் மோனோவுக்கு (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கான இடது வலது வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸில் ஏறி வருகிறது, இரைச்சல் அதிகம் ஒட்டுவது அந்த இடத்தில்தான். மோனோவில் குரல் தெளிந்துவிடும்.

மீடியம் வேவும் அங்கே உயிரோடு இருக்கிறது. பக்கத்து வீடு இருநூறு அடி தள்ளி, நடுவில் காப்பிச் செடியும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக்கும்தான், சார்ஜர் உறுமல் எங்கிருந்து வரும்? திருச்சி 936 வந்துவிட்டது. மலையில் மழை பிடித்தால் போன் சிக்னல் போய்விடும், நெட் பாட்டு நடுவில் நின்று சுற்றும். ரேடியோ நிற்காது. சேலத்தில் ஒரு வருடம் தொடாத ட்யூனர் இங்கே தினம் ஆறு மணி நேரம் ஓடுகிறது.

ஆனால் மலையில் ரிசீவர் வைத்தால் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று ஈரம். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்காரும். இரண்டாவது வருடமே வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம், ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போனது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஸ்பீக்கர் ஒயர் முனைகளை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டியதும் சரியானது. செம்பு பச்சை பூத்திருந்தது. இப்போது ஸ்பீக்கர் ஒயருக்கெல்லாம் பனானா பிளக் (செருகும் உலோக முனை) போட்டுவிட்டேன், தினம் ஒரு மணி நேரமாவது செட்டை ஓடவிடச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

இன்னொன்று இடி. 2023 ஏப்ரலில் ஒரு கோடை மழை, பவர் பிளக்கைப் பிடுங்கினோம், ஆன்டெனா கேபிளைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்த இடியில் ட்யூனர் செத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றணும் என்று புது செட்டில் பாதி விலை சொன்னார்கள், அதுவும் பாகம் வர இரண்டு மாதம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயதான ரேடியோ மெக்கானிக், ஆன்டெனா உள்ளே நுழையும் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டரும் சில சில்லறைப் பாகங்களும் மாற்றி ஓட வைத்துவிட்டார். ஆனால் அதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வீட்டில் பாட்டே இல்லை. ஆம்ப்ளிஃபயர் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் பெட்டி முழுக்கக் கடையில். ரிசீவரின் உண்மையான குறை இதுதான் என்று நினைக்கிறேன், ஒன்று கெட்டால் எல்லாம் படுத்துவிடும். இன்டகிரேட்டடோடு தனி ட்யூனர் ஒன்று வைத்திருந்தால் சிடியாவது கேட்டிருக்கலாம். பழைய ட்யூனர்கள் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வாங்கலாம், புதிதாகத் தேடி அலைவது சிரமம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது ரிசீவர் கொண்டு வந்து தருவதாகச் சொன்னாலும் யோசித்து வாங்குங்கள். அம்மாபேட்டையில் என் நண்பன் வீட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒன்று இருக்கிறது. அது 120 வோல்ட், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாக வேண்டும். அது கூடப் பரவாயில்லை. அங்கே மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும், நமக்கு 9. அதனால் அந்தச் செட் 930இல் நிற்கும், அடுத்து 940க்குத் தாவும், 936ஐத் தொடவே தொடாது. எஃப்எம்மில் அவர்கள் ட்ரெபிளைச் சமன்செய்யும் அளவு 75 மைக்ரோசெகண்ட், நமக்கு 50, அதனால் நம் ஸ்டேஷன் எல்லாம் கொஞ்சம் மங்கிக் கேட்கும். சில மாடல்களில் பின்பக்கமோ மெனுவிலோ இதை மாற்ற வழி உண்டு, நண்பனுடையதில் இல்லை. ஆம்ப்ளிஃபயராக இருந்தால் வோல்டேஜ் ஒன்றோடு பிரச்சினை முடிந்திருக்கும்.

புளூடூத், நெட் ஸ்ட்ரீமிங் உள்ளேயே இருக்கிறதே என்பதற்காக மட்டும் ரிசீவர் பக்கம் போகாதீர்கள், அதெல்லாம் ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக வாங்கி எந்த ஆம்பிலும் மாட்டிக்கொள்ளலாம், பழசானால் அதை மட்டும் மாற்றலாம். டவுனில், அபார்ட்மென்ட்டில், ரெக்கார்டோ சிடியோ போனோ வைத்துக் கேட்பவர் என்றால் இன்டகிரேட்டட் வாங்குங்கள். கூரை உங்களுடையது, ஊர் உயரமானது, ரேடியோ உண்மையாகவே கேட்பீர்கள் என்றால் ரிசீவர் வாங்குங்கள், வாங்கும் அன்றே ஆன்டெனாவுக்கும் காசு ஒதுக்கி வையுங்கள்.

அப்பா இப்போதெல்லாம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் மலையில்தான். விடிகாலை ஐந்தரைக்கே எழுந்து திருச்சியை அவரே திருகி வைத்துக்கொள்கிறார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதலில் ஆன்டெனா கேபிளைப் பிடுங்குவதும் அவர்தான்.